மகரக்கட்டுக்குப் பின்னும் ஓர் இடம்: வட கொழும்புச் சிறுவர் பாடகர் குழுவொன்று பற்றிய நிகழ்வு ஆய்வு

வட கொழும்பில் துறைமுகத்துக்கு அண்மையிலுள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபையொன்றின் சிறுவர் பாடகர் குழு, சில ஆண்டுகளுக்கு முன்னர் கலைந்துபோகும் நிலைக்கு வந்து, பின்னர் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு நிமிர்ந்தது. அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது, எவ்வாறு நேர்ந்தது, இன்னும் எது தீராமலிருக்கிறது என்பவற்றை, அக்குழுவின் பயிற்சியில் நெடுங்காலம் துணைநின்றவன் என்ற முறையில் இங்கு பதிவுசெய்கிறேன். சபையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அவர்களுள் பலர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிப்பவர்கள்.

குழு மெலிந்துவந்த காலத்தில் சபையார் அதற்குச் சொன்ன காரணங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. குடும்பங்கள் வெளிநாடு போகின்றன, பிள்ளைகளுக்கு டியூஷன் கூடிவிட்டது என்றார்கள். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆயினும் பழைய வரவுப் பதிவேடுகளைப் புரட்டியபோது தெளிவாகத் தெரிந்த செய்தி வேறு. விலகிய சிறுவர்களில் பெரும்பாலானோர் ஊரை விட்டுப் போனவர்கள் அல்லர். அடுத்த ஞாயிறும் அதே ஆலயத்தில், பெற்றோருக்குப் பக்கத்தில், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் விலகிய வயது ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மகரக்கட்டு வந்ததும், அதாவது பருவ வயதில் குரல் உடைந்து மாறத் தொடங்கியதும், சிறுவனை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை, எவரும் தீர்மானம் எடுக்காமலே, குழு பல தலைமுறைகளாகக் கைக்கொண்டிருந்தது. குழுவை உள்ளிருந்து அரித்தது அந்த வழக்கமே என்பதுதான் இந்த ஆய்வில் நான் நிறுவ முற்படும் கருத்து.

வழக்கம் வந்த வழி

ஆங்கிலிக்கன் திருச்சபையின் கொழும்பு மறைமாவட்டம் 1845இல் அமைந்தபோது அதன் முதற் பேராயராக வந்த ஜேம்ஸ் சாப்மன், ஈட்டன் பாடசாலையிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றவர். அவர் 1851இல் முகத்துவாரத்தில் புனித தோமஸ் கல்லூரியை நிறுவினார்; அதன் வளவிலே எழுந்த கிறிஸ்து ஆலயம் 1854இல் அர்ப்பணிக்கப்பட்டு, 1973இல் பௌத்தாலோக மாவத்தையில் புதிய பேராலயம் அமையும்வரை மறைமாவட்டத்தின் பேராலயமாக விளங்கியது. கொழும்புத் துறைமுகம் பெருத்து, கப்பல்களுக்கான நிலக்கரி கரையோரம் குவியத் தொடங்கியபோது அதன் தூசு வகுப்பறைகளுக்குள் புகுந்தது. 1918இல் கல்லூரி கல்கிசைக்கு இடம்பெயர்ந்தது. ஆலயம் முகத்துவாரத்திலேயே நின்றது. ஆங்கிலேய மரபிலான சிறுவர் பாடகர் குழு, அதன் வெண்ணங்கி, பவனி, நான்கு குரல் இசை என்பவற்றோடு கொழும்புக்கு வந்தது இத்தகைய கல்லூரிகளினதும் ஆலயங்களினதும் ஊடாகத்தான்.

அந்த மரபின் தலைசிறந்த எடுத்துக்காட்டாக உலகம் காண்பது கிங்ஸ் கல்லூரியின் குழுவை. ஆறாம் ஹென்றி மன்னர் 1441இல் நிறுவிய அக்கல்லூரியில் பதினாறு சிறுவர்கள் மேற்குரலாகிய ட்ரெபிள் பாடுகிறார்கள்; மேலிருந்து கீழாக ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகிய ஏனைய குரல்களைப் பல்கலைக்கழக மாணவர்கள் பாடுகிறார்கள். சிறுவன் பதின்மூன்று வயதளவில் குழுவை விட்டுப் போவான். அவன் இடத்துக்கு இன்னொரு சிறுவன் வருவான். கீழ்க்குரல்களுக்கோ ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வந்துசேர்வார்கள். 1918ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் அங்கு தொடங்கிய ஒன்பது வாசகங்களும் கீதங்களும் கொண்ட ஆராதனை, 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பாகி உலகெங்கும் பரவியது. இன்று கொழும்பில் மார்கழி மாதத்தில் ஆலயங்களில் நடைபெறும் நத்தார் கீத ஆராதனைகளில் பலவும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலுள்ள புனித தோமா ஆலயத்தின் குழு வேறு வகையானது. 1212இல் தோன்றிய அக்குழுவை 1723 முதல் 1750இல் தாம் இறக்கும்வரை நடத்தியவர் யோஹான் செபஸ்தியான் பாக். அங்கு ஒன்பது வயதில் சேரும் சிறுவன் பதினெட்டு வயதுவரை இருக்கலாம். ட்ரெபிளாக வந்தவன் குரல் மாறியதும் டெனராகவோ பேஸாகவோ அதே குழுவில் பாடுகிறான். மூத்தவன் இளையவனுக்குப் பொறுப்பாகிறான்.

எங்கள் சபை எடுத்துக்கொண்டது கேம்பிரிட்ஜ் முறையை. ஆனால் கேம்பிரிட்ஜிடம் இருக்கும் மாணவர்கள் எங்களிடம் இல்லை. கீழ்க்குரல்களைப் பாடியவர்கள் வங்கிகளிலும் துறைமுகத்திலும் பாடசாலைகளிலும் வேலைபார்த்த சபையின் பெரியவர்கள். 1983 ஜூலைக்குப் பின்னர் அவர்களுள் பலர் குடும்பத்தோடு லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போனார்கள், எஞ்சியவர்கள் முதுமையடைந்தார்கள். சபையோடு ஒட்டியிருந்து சிறுவர்களை அனுப்பிக்கொண்டிருந்த பாடசாலை, 1960இன் சட்டத்தின் கீழ் உதவிபெறும் பாடசாலைகள் அரசின் கைக்குப் போனபோதே சபையின் கையை விட்டுப் போயிருந்தது. ஆகவே கீழ்க்குரலுக்கும் ஆள் வரவில்லை, மேற்குரலுக்கும் ஊற்று வற்றியது. இருந்த சிறுவர்களை மட்டும் பதின்மூன்று வயதில் வெளியேற்றும் வழக்கம் மாறவில்லை.

ஒரு நவம்பர் மாதப் பயிற்சி

இந்த நிலைமையைச் சபை கண்திறந்து பார்த்தது ஒரு சிறுவனின் காரணமாகத்தான். அவ்வாண்டு நத்தார் கீத ஆராதனையில் பவனியில் பாடும் கீதத்தின் முதற் சரணத்தைத் தனியாகப் பாடுவதற்கு அவன் பெயர் ஐப்பசியிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. சுத்தமான குரல், சுருதி பிசகாது, கொட்டாஞ்சேனையிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலையில் கர்நாடக சங்கீதம் படித்ததால் ஸ்வர ஞானமும் இருந்தது. வெளிநாட்டிலிருந்து அவனுடைய பெரியப்பா குடும்பம் அந்த ஆராதனைக்கென்றே வருவதாக இருந்தது.

நவம்பர் மாதச் சனிக்கிழமைப் பயிற்சி ஒன்றில், ஓர்கனோடு குரல் கேட்க வேண்டுமென்பதற்காக மின்விசிறிகள் நிறுத்தப்பட்டிருந்தன. எல்லாரும் வியர்த்துப்போய் நின்றார்கள். மேல் ஸ்தாயி ஷட்ஜத்தைத் தொடும் இடத்தில் அவன் குரல் இரண்டாகப் பிளந்தது. சின்னப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவன் திரும்பவும் முயன்றான். திரும்பவும் அதே இடம். அதற்குப் பின்வந்த பயிற்சிகளில் அவன் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றான், உதடுகள் சரியான இடத்தில் அசைந்தன, மூச்சுங்கூடச் சரியான இடத்தில் எடுத்தான். ஆனால் ஓசை வரவில்லை. பக்கத்தில் நின்றவன் சொல்லியிராவிட்டால் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

பிறகு அவனுடைய தாயார் வந்தார். "சேர், இவன் இனிப் பாட வரமாட்டானாம். தொண்டை சரியான பிறகு பாப்பம் எண்டு சொன்னா, இனிச் சரிவராது அம்மா எண்டு அழுறான். ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடுறானும் இல்ல" என்றார். குருவானவர் அப்போது பக்கத்தில் இருந்தார். "தம்பியை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ அக்கா, பாடத் தேவையில்லை, சும்மா வந்து இருக்கட்டும்" என்றார். அந்தச் 'சும்மா வந்து இருக்கட்டும்' என்ற சொல்லிலிருந்துதான் பிற்காலத்து மாற்றம் தொடங்கியது என்று நான் கருதுகிறேன்.

இசை வரலாற்றில் இது புதிதன்று. வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடிய ஜோசப் ஹைடன், குரல் மாறியதும் 1749 அளவில் வெளியே அனுப்பப்பட்டு, வாழ வழியின்றி அலைந்தவர். அதே நகரின் அரச ஆலயக் குழுவில் பாடிய பிரான்ஸ் ஷூபெர்ட், தாம் பாடிய தாளின் ஓரத்தில், ஷூபெர்ட் கடைசி முறையாகக் கூவியது 1812 ஜூலை 26 என்று எழுதிவைத்தார். பதினைந்து வயதுப் பையன் தன் குரலைச் சேவலின் கூவலாகச் சொல்லிக்கொண்ட அந்த வரியை நான் இந்தச் சிறுவனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் ஷூபெர்ட் பிறகு என்ன செய்தார் என்று கேட்டான்.

உடலும் வயதும்

பருவ வயதில் ஆண்பிள்ளையின் குரல்வளை பெருத்துக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது, பேசும் குரலும் பாடும் குரலும் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகின்றன. இது ஓர் இரவில் நடப்பதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் குக்ஸி 1970களில் இந்த மாற்றத்தைப் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். நடுப்படிநிலைகளில் சிறுவன் சிரமமின்றிப் பாடக்கூடிய ஸ்வரங்கள் மிகச் சுருங்கிவிடுகின்றன, ஆனால் அந்தச் சிறிய எல்லைக்குள் அவன் பாடுவது தீங்கானதன்று என்பது அவருடைய முடிவு. முற்றாக வாய்மூடி இருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு இது மாறானது. எங்கள் ஊரில் இன்னும் பல வீடுகளில் பழைய அறிவுரையே நிலவுகிறது.

இந்த மாற்றம் வரும் வயதும் நூற்றாண்டுகளினூடே குறைந்துவந்திருக்கிறது. பாக்கின் காலத்து லைப்ஸிக் பதிவுகளை 1970இல் ஆராய்ந்தபோது, அக்காலச் சிறுவர்களின் குரல் சராசரியாகப் பதினாறரை, பதினேழு வயதில்தான் உடைந்தது எனத் தெரியவந்தது. கோபன்ஹேகன் நகரப் பாடகர் பாடசாலையில் 1994இல் 14.0 வயதாக இருந்த சராசரி, 2003இல் 13.6 ஆகியிருந்தது. பாக்கிடம் பதினாறு வயதிலும் ஒருவன் ட்ரெபிள் பாட முடிந்தது. எங்களிடம் ஒன்பது வயதில் சேருபவன் நான்கு ஆண்டுகள் இருந்தால் பெரிய காரியம். அதிலும் முதல் ஆண்டு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போய்விடும். தாள் பார்த்துப் பாடவும் மற்றக் குரல்களுக்கு நடுவே தன் வரியைப் பிடித்து நிற்கவும் கற்றுக்கொண்டு அவன் உண்மையில் பயன்படத் தொடங்கும்போது குரல் போய்விடுகிறது. அப்படிப்பட்டவனை வெளியே விடுவது, கற்பித்த எல்லாவற்றையும் வெளியே விடுவதாகும்.

மாற்றிய முறை

அந்த நத்தாருக்கு வேறொரு சிறுவன் முதற் சரணத்தைப் பாடினான். ஆராதனைக்குப் பின்னர் குருவானவர், ஓர்கன் வாசிப்பவர், பெற்றோர் சிலர், நான் என ஒரு சிறு கூட்டம் கூடி, மகரக்கட்டுக் காரணமாக இனி எவரும் குழுவை விட்டு விலகுவதில்லை என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தது எளிது. அந்தப் பிள்ளைகள் எதைப் பாடுவது என்பதுதான் கடினமான கேள்வி.

விடையை நாங்கள் கண்டது ஆங்கிலக் கீதங்களில் அல்ல, எங்கள் கீர்த்தனைகளில். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து தமிழ்ச் சபைகள் பாடிவரும் கீர்த்தனைக்கு நான்கு குரல் தேவையில்லை. சுருதி எங்கும் வைக்கலாம். ஒரே வரியை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்ந்து பாடலாம். பல்லவி பெரும்பாலும் சில ஸ்வரங்களுக்குள்ளேயே நிற்கும். சரணத்தில்தான் பாட்டு மேலே ஏறும். ஆகவே பல்லவியைக் குரல் மாறுகின்ற பிள்ளைகளிடம், அவர்களுக்கு வசதியான சுருதியில், கீழ் ஸ்தாயியில் கொடுத்தோம். சரணத்தைச் சிறியவர்கள் பாடினார்கள். ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் ஒவ்வொருவனுடைய குரல் எல்லையையும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது ஓர் ஒழுங்காயிற்று. அதற்கேற்பச் சுருதி ஒரு தவணைக்கு அரைக்கட்டை இறங்கும், ஏறும். மூன்றாம் சரணத்தில் குரல் சோர்ந்தவன் பாடாமல் தாளம் போடுவான். ஆதி தாளத்தை முழுக் குழுவுக்கும் பிடித்து நடத்துவது சிறிய பொறுப்பு அல்ல என்று பிள்ளைகளே உணர்ந்தார்கள்.

ஆங்கிலக் கீதங்களையும் விடவில்லை. அவற்றில் குரல் மாறுகின்றவர்களுக்கென்று டெனருக்கும் ஆல்ட்டோவுக்கும் இடைப்பட்ட, ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் நிற்கும் ஒரு வரியை ஓர்கன் வாசிப்பவர் எழுதித் தந்தார். இதில் ஓர் இடையூறு எழுந்தது. கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குக் கமகத்தோடு, அதாவது அசைத்து இழைத்து, போவார்கள். நான்கு குரல் இசையில் அது மற்றக் குரல்களோடு உரசும். அதைத் தவறென்று திருத்தாமல், கீர்த்தனைக்கு ஒரு குரல், கீதத்துக்கு ஒரு குரல் என்று இரண்டையும் தனித்தனியாகப் பயிற்றினோம். பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நாளெல்லாம் மாறிப் பேசும் கொழும்புப் பிள்ளைகள் அல்லவா.

தனிக்குரல் விடயத்தில் கிங்ஸ் கல்லூரியிடமிருந்தே ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டோம். அங்கு முதற் சரணத்துக்குச் சிறுவர் பலர் ஆயத்தமாக்கப்பட்டு, யார் பாடுவது என்பது ஒலிபரப்பு தொடங்கும் தறுவாயிலேயே தெரிவிக்கப்படும். இப்போது எங்கள் குழுவிலும் பெயர் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை. வெளிநாட்டு உறவினர் எவருடைய குரலையும் எதிர்பார்த்து விமானச் சீட்டு எடுப்பதில்லை. குழுவைக் கேட்க வருகிறார்கள்.

குழுவைச் சுமந்தவர்கள்

பாடகர் குழுவென்றால் மக்கள் ஞாயிறு காலையில் காணும் வெண்ணங்கி வரிசையையே நினைக்கிறார்கள். அந்த அங்கிகள் சனிக்கிழமை இரவு யாரோ ஒரு வீட்டில் தோய்த்து இஸ்திரி போடப்பட்டவை. மட்டக்குளியிலிருந்து வருகின்ற பிள்ளைகளையும் வெள்ளவத்தையிலிருந்து 155ஆம் இலக்க பஸ்ஸில் வருகின்ற பிள்ளைகளையும் பயிற்சி முடிந்ததும் ஒன்றாகக் கூட்டிச்செல்ல ஒழுங்குமுறை உண்டு. பெரிய பையன்கள் சின்னவர்களை இறங்கும் இடம்வரை கொண்டுபோய் விடுவார்கள். பழைய முறையில் இது நடந்திருக்க முடியாது, ஏனெனில் குழுவில் பெரிய பையன்களே இருக்கவில்லை. பயிற்சிக்குப் பின்னான தேநீரும் பணிசும் தாய்மாரின் முறைப்பட்டியலில் ஓடுகின்றன. குழுவில் தமிழ் எழுத வாசிக்கத் தெரியாத, சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காகப் பாமாலையின் வரிகள் ஆங்கில எழுத்தில் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. மூத்தவர்கள் அந்தத் தாள்களைக் கொஞ்சங் கொஞ்சமாக அகற்றி, பயிற்சிக்கு முன் தமிழ் வாசிக்கப் பழக்கினார்கள். எங்கள் திட்டத்தில் இல்லாத விளைவு இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயமும் நாட்டின் வேறு ஆலயங்களும் ஹோட்டல்களும் தாக்கப்பட்டு 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, எங்கள் பிள்ளைகளில் சிலருடைய வீடுகள் அந்தச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தன. ஆராதனைகள் மீண்டும் தொடங்கியபோது வாசலில் பைகள் சோதிக்கப்பட்டன. பாடல் தாள்களைப் பையில் வைத்துக் கொண்டுவருவது தடைப்பட்டது. மூத்த பையன்கள் தாள்களை ஆலயத்திலேயே வைத்து, ஒவ்வொருவன் பெயரிலும் ஓர் உறை தைத்தார்கள். பெற்றோரின் அச்சத்தை நாங்கள் வாதாடித் தீர்க்க முயலவில்லை. வராதவர்களின் உறைகள் அப்படியே இருந்தன, அவர்களுள் பலர் பிறகு வந்தார்கள்.

2020இல் கொரோனாத் தொற்றினால் பாடுவதே ஆபத்தாயிற்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அவ்வாண்டு மார்ச் மாதம் நடந்த ஒரு பாடகர் குழுப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேர் நோயுற்றதாகக் கருதப்பட்டு, இருவர் இறந்த செய்தி வந்தபின் எவருக்கும் வாய்திறக்க மனம் வரவில்லை. அந்த இடைவெளியில் சில பிள்ளைகளின் குரல் வீட்டிலேயே, எவரும் கேளாமல், மாறிப்போனது. பழைய முறையாக இருந்தால் அவர்கள் திரும்பியே இருக்கமாட்டார்கள். ட்ரெபிளாகப் போனவர்கள் டெனராக வந்து நின்றார்கள். 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் மின்வெட்டும் பயிற்சியைப் பகல் வெளிச்சத்துக்கு மாற்றின. ஓர்கன் இல்லாமல் சுருதிப்பெட்டியோடு பாடிய அந்த மாதங்களில் கீர்த்தனை மிகவும் மேம்பட்டது.

ஒரு விடயத்தை மென்று விழுங்காமல் எழுதவேண்டும். சிறுவர் பாடகர் குழுக்களின் வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. ஜெர்மனியின் ரேகன்ஸ்பூர்க் பேராலயக் குழுவில் பல பத்தாண்டுகளாக 547 சிறுவர்களாவது உடல்ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளானார்கள் என்று 2017இல் வெளியான அறிக்கை கூறியது. எங்கள் மக்களிடையே இத்தகைய பேச்சை எடுத்தால் 'எங்கட கோயிலிலயா?' என்பார்கள். குரல் எல்லையைத் தனியாகக் கேட்கும் முறையை ஏற்படுத்திய நாளிலேயே, அது திறந்த கதவுக்குள், பெற்றோர் ஒருவரும் இன்னொரு பெரியவரும் இருக்கையிலேயே நடைபெற வேண்டுமென்று எழுதிவைத்தோம். எவரையும் சந்தேகித்து அல்ல. பிள்ளைக்கு அது உரித்து.

இன்றைய நிலை

முதலிற் சொன்ன சிறுவன் இன்று பேஸ் வரிசையில் நிற்கிறான். உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் பயிற்சிக்கு அரைவாசி நேரம் வருகிறான். குரல் உடைந்த பையன் எவனும் அதன் காரணமாக இப்போது விலகுவதில்லை. டெனருக்கும் பேஸுக்கும் ஓய்வுபெற்றவர்களை நம்பியிருந்த காலம் போய்விட்டது. புலம்பெயர்வு நிற்கவில்லை, அது எங்களால் நிறுத்தக்கூடியதும் அன்று. புலமைப்பரிசில் பரீட்சை ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை இன்னும் எடுத்துக்கொள்கிறது. அதனால் கீழ்க்குரல் பெருத்து, மேற்குரல் மெலிந்து நிற்கிறது.

இதனோடு இணைந்து இப்போது எழுந்திருப்பது பெண்பிள்ளைகள் பற்றிய கேள்வி. அண்ணன்மாருடைய பயிற்சி முடியும்வரை வாங்கில் காத்திருக்கும் தங்கைமாருக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். இங்கிலாந்தின் சோல்ஸ்பரி பேராலயம் 1991இல் சிறுமிகளுக்கெனத் தனிக்குழு அமைத்து, சிறுவர் குழுவோடு மாறிமாறிப் பாடச் செய்தது. வேறு பேராலயங்களும் அதைப் பின்பற்றின. எங்கள் சபையில் ஒரு சாரார் இரு பாலாரையும் ஒரே வரிசையில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்பது வயதுச் சிறுவன் தன்னோடொத்த சிறுவர்கள் இல்லாத வரிசையில் நிற்கத் தயங்குவதையும், கொஞ்சக் காலத்தில் அந்த வரிசை முழுவதும் பெண்பிள்ளைகளாகி, மேற்சொன்ன முறையால் வளர்த்தெடுக்க வேண்டிய டெனர்களும் பேஸ்களும் இல்லாமற்போவதையும் பிற சபைகளில் கண்டிருக்கிறேன். சிறுமியரைக் காத்திருக்க வைப்பதும் நியாயமன்று. தனியாக ஒரு சிறுமியர் குழு, ஞாயிறு விட்டு ஞாயிறு பாடும் முறை, நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் இரண்டும் சேர்வது, இரண்டுக்கும் ஒரே கீர்த்தனைப் பயிற்சி என்று ஒரு முன்மொழிவைச் சபைக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். அங்கிகளுக்கான துணியின் செலவும், சனிக்கிழமையில் மண்டபம் கிடைக்கும் நேரமும் அடுத்த கூட்டத்தில் பேசப்படவிருக்கின்றன.